பதில் வரும்வரை பருப்புப் பிதுக்கியவர்

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே கிடையாது. ஆனால் பெங்களூரில் பல அலுவலகங்களின் நேர்முகத் தேர்வுகளில், அதிலிருந்து நான் மீண்டு வந்த வரலாற்றைச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அதற்கு மெருகு ஏறியது. கண் மஞ்சளானது, கீழாநெல்லி அரைத்துக் குடித்தது, மோர்ச்சோறு தின்று நாக்கு செத்துப்போனது என்று வளர்ந்து, ஒரு கட்டத்தில் அந்த நோயாளிமேல் எனக்கே இரக்கம் பிறந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவி போண்டாவை நீட்டினால், உடம்புக்கு ஆகுமா என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் கை நீட்டுவேன்.

உண்மையில் 1991 ஜூனிலிருந்து அடுத்த ஜூன்வரை நான் சோபாவில் படுத்திருந்தேன். பி.யூ.சி. முடித்து, மருத்துவ நுழைவுத் தேர்வில் தோற்று, "ஒரு வருஷம் டிராப் பண்ணிட்டு மறுபடி எழுதறேன்" என்று வீட்டில் அறிவித்திருந்தேன். மர்பி டவுனில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்ததும் அந்த வருடம்தான். ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை நடந்தபோது விடியற்காலையில் எழுந்தேன். பிள்ளை படிக்க எழுந்துவிட்டான் என்று அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அந்த வருடம் என் கண்ணில் பட்ட ஒரே மஞ்சள், ஆஸ்திரேலிய அணியின் சட்டை. இரண்டாம் முறை எழுதிய தேர்வில் முதல் முறையைவிடக் குறைவாக வாங்கினேன்.

பி.எஸ்ஸி. சேரப் போனபோது 'கேப் சர்டிபிகேட்' கேட்டார்கள். இடைப்பட்ட வருடத்தில் நான் வேறெங்கும் படிக்கவில்லை, வேலை பார்க்கவில்லை, எந்த வழக்கிலும் சிக்கவில்லை என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன்னால் உறுதி சொல்ல வேண்டும். ஒரு மனிதன் ஒன்றுமே செய்யவில்லை என்று நிரூபிக்க ஒரு டைப்பிஸ்ட், ஒரு வக்கீல், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இதுநாள்வரை நான் கையெழுத்துப் போட்டவற்றில் முழுக்க முழுக்க உண்மையானது அந்த ஒரு தாள்தான்.

கல்லூரி அதோடு திருப்தியடைந்தது. வேலை கொடுப்பவர்கள் அடையவில்லை. அந்தக் காலத்து விளம்பரங்களிலேயே 'படிப்பில் இடைவெளி இல்லாதவர்கள் மட்டும்' என்று ஒரு வரி பல்லிளித்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனாலும் பயோடேட்டாவின் மேல் ஒரு விரல் ஊர்ந்து வந்து சரியாக அந்த வருடத்தில் நிற்கும். இடைவெளிக்காரர்கள் மத்தியில் காமாலைக்கு நல்ல பெயர் இருந்தது. டைபாய்டு ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். கால் முறிவு என்றால் நடந்து காட்டச் சொல்வார்கள். தழும்பே விடாமல் ஒரு முழு வருடத்தைத் தூக்கிச் சுமக்கும் தெம்பு காமாலைக்குத்தான் உண்டு.

அந்தக் காமாலையை முதன்முதலாக ஒத்திகை பார்த்தது எதிர்வீட்டு மாடியில்.

அந்த மாடியில் இருந்த பெண்மணியைத் தெருவே 'இன்டர்வியூ ஆன்ட்டி' என்றுதான் அழைத்தது. ஏதோ ஓர் அரசுத் தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் நெடுங்காலம் இருந்தவர். ஆள் எடுக்கும் குழுவில் ஓரத்து நாற்காலி அவருடையது. 92 வாக்கில், இன்னும் பல வருட சர்வீஸ் இருந்தும், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கண் சரியில்லை என்று காரணம் சொன்னார். ஆனால் மாடியிலிருந்தபடியே தெருமுனை பஸ் நம்பரைப் படிப்பார். குள்ளமான உருவம். புடவைக்கு மேல் கணவருடைய பழைய ஸ்வெட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலை தேடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். தடுப்பூசி போடக் கூட்டிப் போவதைப் போலத்தான். வலிக்கும், ஆனால் பின்னால் நல்லது என்று பேர்.

என்னை அம்மா கூட்டிப் போனது ஒரு டிசம்பர் மாதம். பெங்களூரில் டிசம்பர் என்றால் அவரேகாளு, அதாவது பச்சை மொச்சைக்கொட்டை. ஊறவைத்த அவரேகாளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலிலிருந்து பிதுக்கி, பருப்பை மட்டும் சேர்ப்பார்கள். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஒரு வீட்டுப் பெண்கள் பாதி நாள் உட்கார வேண்டும். ஆன்ட்டி தண்ணீர்ப் பாத்திரத்தை மடியோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். பயோடேட்டாவை எட்ட நின்றே பார்த்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணுல பி.யூ.சி. தொண்ணூத்தி ரெண்டுலதான் டிகிரி சேந்திருக்கே. நடுவுல?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு ஒரு கொட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பருப்பு வழுக்கி வந்து எவர்சில்வர் கிண்ணத்தில் 'டப்'பென்று விழுந்தது. என் முகத்தையே பார்த்தார். கோபமோ சந்தேகமோ அந்தப் பார்வையில் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர் சாலையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"ஜாண்டிஸ் மேடம்," என்றேன்.

டப்.

"சீரியஸ் ஜாண்டிஸ்."

டப்.

"ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. மூணு மாசம். அப்புறம் வீட்ல ரெஸ்ட். டாக்டர் அசையவே கூடாதுன்னுட்டார்."

டப். டப்.

"நடுவுல ஒரு தடவை குறைஞ்சுது மேடம். மறுபடி வந்துடுச்சு. ரத்தம்கூட ஏத்தினாங்க. எங்க மாமாதான் குடுத்தார். அதுக்கப்புறம் அவருக்கும் வந்துடுச்சு."

இந்த இடத்தில், கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய் எழுந்துவிட்டாள். "ஏண்டா, உனக்கு எப்படா காமாலை வந்துச்சு? எந்த மாமாடா?"

ஆன்ட்டி ஒரு கொட்டையைப் பிதுக்கிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒண்ணும் கேக்கலையே."

இதுதான் அவர். கேள்வி ஒன்று, அப்புறம் காத்திருப்பு. இரண்டாவது கேள்வி என்று ஒன்று அவரிடம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. மற்றதையெல்லாம் எதிராளியே பார்த்துக்கொள்வான். மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரன் ஒருவன், அவர் இறங்கி நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்ததில், முதலில் பெட்ரோல் விலையைச் சொன்னான், பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைச் சொன்னான், கடைசியில் மீட்டர் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதையும் சொல்லிவிட்டு விர்ரென்று போனான். அவர் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், சர்க்கரை வியாதிக்காரர். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் ஆன்ட்டி, "வந்துட்டீங்களா?" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மனிதர் ஒரு செருப்பைக் கழற்றும்போது ஒரு மைசூர் பாக்கை ஒப்புக்கொள்வார். அடுத்த செருப்புக்கு இன்னொன்று. ஓயாமல் பேசுகிறவர் அவர். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

எல்லோரும் அவரை மெச்சினார்கள். நான் மட்டும் அந்த மாடிப்படியைக் கண்டால் தெருவின் இந்த ஓரமாகவே ஒதுங்கி நடப்பேன். பயம் காட்டுகிறவர்களிடம் பயப்படலாம், ஒரு நியாயம் இருக்கிறது. சும்மா இருக்கிறவரிடம் ஏன் இப்படி வியர்க்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அமுதாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று புரிந்தது.

அமுதா என்னோடு பி.எஸ்ஸி. படித்தவள். வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். இருவரும் தொலைத்தது ஒரே வருடம். ஆனால் நான் சோபாவில் தொலைத்தேன். அவள் 91-ல் பி.எஸ்ஸி. சேர்ந்து ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அந்த டிசம்பரில், தமிழர்களைத் தேடித் தேடி அடித்த காவிரிக் கலவரம் வந்தது. ஈஜிபுராவில் அவர்கள் குடியிருந்த வரிசை முழுவதும் ஒரே நாளில் காலியானது. பெயின்டர் வேலை பார்த்த அவள் அப்பா, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வாணியம்பாடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், பல மாதம் கழித்துத்தான் தைரியம் வந்து திரும்பினார். அதற்குள் வருகைப்பதிவு போய், தேர்வும் போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. அவள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் யாருமே சொல்வதில்லை. அந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "ஊர்ல ஒரு கல்யாணம், போயிருந்தோம்." ஒரு வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில், பாத்திரம் பண்டம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போயிருந்தது. கல்யாணக் கதை பால்காரனுக்குப் போதும். நேர்முகக் குழுவுக்குப் போதாது. எந்தக் கல்யாணம் ஒரு கல்வியாண்டு நடக்கும்? உண்மையைச் சொல்லலாமென்றால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாரோ, அந்த நாட்களில் எந்தப் பக்கம் நின்றவரோ? இரண்டு இடங்களில் அந்தக் கேள்விக்கு வாயடைத்துப்போய் எழுந்து வந்திருந்தாள். அவள் அம்மா கார்மெண்ட்ஸில் தைப்பவர். சூப்பர்வைசரிடம் மகளுக்கு ஹெல்பர் வேலை சொல்லி வைத்துவிட்டார். மாதம் பிறந்தால் சேர வேண்டும்.

"அங்க எந்த கேப்பும் கேக்க மாட்டாங்கடா," என்றாள் அமுதா. "ஆனா உள்ள போனா வெளிய வரவும் மாட்டாங்க. எங்கம்மா வந்தாங்களா?"

அப்போது பெங்களூரில் புதிதாக ஒரு தொழில் முளைத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் அங்கே பேசிப் பதிந்து அனுப்புவதை இங்கே இரவெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, விடிவதற்குள் டைப் அடித்து அனுப்ப வேண்டும். கோரமங்கலாவில் ஒரு கம்பெனி, உயிரியல் படித்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. இருவரும் போட்டோம். இருவருக்கும் அழைப்பு வந்தது, வெவ்வேறு நாளில். நான் பெருந்தன்மையாக என் காமாலையை அவளுக்கு இரவல் கொடுத்தேன். போகிறதற்கு முன்னால் ஆன்ட்டியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு அழைத்துப் போனேன்.

அன்றும் அவரேகாளு. கணவர் எங்களை வரவேற்று, தண்ணீர் கொடுத்து, குளிரைப் பற்றிப் பேசி, தண்டவாளம் குளிரில் சுருங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி அமுதாவைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை ஃபர்ஸ்ட் இயர். நடுவுல?"

டப்.

அமுதா பேசவில்லை. காமாலையைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டப், டப் என்று பருப்பு விழுந்துகொண்டே இருந்தது. கணவர் தண்டவாளத்தைப் பாதியில் விட்டுவிட்டார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. அவளுக்குப் பதில் நானே ஏதாவது ஒப்புக்கொண்டுவிடலாமா என்று தோன்றியது. வாய் வரைக்கும் மாமா வந்துவிட்டார்.

ஆன்ட்டியின் கை பாத்திரத்துக்குள் போனது. தண்ணீரில் துழாவியது. கொட்டை தீர்ந்துபோயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. விரல்கள் தண்ணீருக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டே இருந்தன. நான் பார்த்து முதல் தடவையாக அவர் முந்திக்கொண்டு பேசினார்.

"டிசம்பராம்மா?"

அமுதா தலையை மட்டும் அசைத்தாள்.

"எந்தப் பக்கம்?"

"ஈஜிபுரா ஆன்ட்டி."

ஆன்ட்டி கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. "அப்ப இவர் டூட்டில மாட்டிக்கிட்டார். வீட்ல நான் ஒண்டி. கீழ் வீட்டுக்காரங்க வாசல்ல இருந்த பேர் போர்டைக் கழட்டி உள்ள வெச்சுட்டு எங்கியோ போயிட்டாங்க. மத்தியானம் வாசல் கேட் பக்கத்துல ஒருத்தன் வந்து நின்னான். 'இது யார மனெ?'ன்னான். யார் வீடுன்னு. அவ்ளோதான் கேட்டான். அப்புறம் ஒண்ணும் பேசல. சும்மா நின்னுட்டு என்னையே பாத்தான்."

கணவர், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். அவர் அவ்வளவு சிறிய வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

"நான் பேச ஆரம்பிச்சேன். கன்னடத்துல. நாங்க தெலுங்குன்னேன். சித்தூர்ப் பக்கம்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. மாமனார் பேரு வெங்கடப்பான்னேன். அப்படி யாருமே இல்லை. எங்களுக்குத் தமிழ் வராது, சுட்டுப் போட்டாலும் வராதுன்னேன். அப்பவும் அவன் நின்னுட்டே இருக்கான். ஒரு வார்த்தை கேக்கலம்மா அவன். நானே சொன்னேன்..." என்று நிறுத்தி, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "எதிர் வீடுதான் தமிழ்க்காரங்க வீடுன்னு கையை நீட்டிக் காமிச்சேன்."

அந்த ஜன்னலில் எங்கள் வீடு தெரிந்தது. அம்மா மொட்டைமாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அந்த மத்தியானம் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சோபாவில், டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. "அவன் யாரு ஆன்ட்டி?" என்றேன்.

"பேப்பர் போடறவனோட தம்பியாம். அண்ணன் வெளிய வர பயந்துகிட்டு இவனை அனுப்பியிருக்கான். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர்னு கேட்டுட்டுப் போக வந்தானாம். ஒரு வாரம் கழிச்சு பேப்பரோட வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது."

எனக்கு ஒரு பழைய மர்மம் அன்று விளங்கியது. எங்கள் வீட்டில் ஆங்கிலப் பேப்பர்தான் வாங்குவோம். கலவரம் அடங்கிய பிறகு வாசலில் தமிழ்ப் பேப்பர் விழத் தொடங்கியது. நாங்கள் கேட்கவே இல்லையே என்று அப்பா பல நாள் அந்தப் பையனோடு சண்டை போட்டார். எதிர்வீட்டு மாடியில் தெலுங்குப் பேப்பர் விழுந்ததா என்று கேட்கலாமென்று நினைத்தேன். கேட்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

அமுதாதான் பேசினாள். "நாங்க ஒரு குக்கரை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடினோம் ஆன்ட்டி. வேற ஒண்ணும் எடுக்கல. அப்பதான் புதுசா வாங்கின குக்கர். ரயில்ல நிக்க இடம் இல்ல, எங்கம்மா குக்கரை இறக்கவே மாட்டேன்னு தலை மேல வெச்சிருந்தாங்க."

"விசில் இருந்துச்சா?" என்றார் ஆன்ட்டி.

"இல்ல. விசில் அடுப்பு மேலயே இருந்துடுச்சு."

இருவரும் அதை ஏதோ பெரிய விஷயம்போல யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவன் காமாலைன்னு சொல்லச் சொல்றான் ஆன்ட்டி. நான் என்ன சொல்றது?"

ஆன்ட்டி ஈரக்கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சா நான் அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டேனா?"

படி இறங்கும்போது அமுதா தீர்மானமாகச் சொன்னாள்: "காமாலையே சொல்லிடறேன்டா. எதுக்கு வம்பு."

பஸ் ஸ்டாப்பில் நின்று அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். எந்த மாதம் காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு. என் காமாலையின் விவரம் ஒன்றைக்கூட விடவில்லை. அவள் கெட்டிக்காரி, அப்படியே ஒப்பித்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து போன். எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட வேண்டுமாம். அதனால் என்ன, பல குழுக்கள் இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஒரே கதவு. அதன்முன் வரிசையாக நாற்காலி. நானும் அமுதாவும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். வேறு கவலைகளில் எனக்கு உறைக்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், டாக்டர். அமெரிக்க டாக்டர்கள் முணுமுணுப்பதைப் புரியவைக்க வைத்திருந்தார்கள்போல. விரல் ஊர்ந்து வந்து 91-ல் நின்றது. நான் காமாலையைத் தொடங்கினேன். ஒரு டாக்டரிடம் காமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. மூன்றாம் மாதத்தில் நின்றுகொண்டு திரும்பிப் போக முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றி, அக்கறையோடு ஆங்கிலத்தில் கேட்டார்: "ஏ வகையா, பி வகையா?"

தேர்வில் இப்படி இரண்டில் ஒன்று கேட்டால் நான் எப்போதும் தப்பானதைத்தான் தொடுவேன். அதனால், "இரண்டும் சார்," என்றேன்.

"இரண்டுமா!" என்றார். பக்கத்திலிருந்தவரிடம் காதில் ஏதோ சொன்னார். நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

கதவைத் திறந்தபோதுதான் அமுதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. அதே கல்லூரி, அதே வருடம், அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. அதே டாக்டர் முன்னால். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். சத்தம் போட முடியாது, கதவு திறந்திருக்கிறது. என் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "தூசியா?" என்று உதட்டை அசைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

பாதி மறைக்கும் கண்ணாடிக் கதவு அது. உருவங்கள் தெரியும், முகம் தெரியாது. விரல் ஒன்று தாளின்மேல் ஊர்ந்தது தெரிந்தது. பிறகு யாரும் அசையவில்லை. எதுவும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். சிரித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். உங்கள் ஏரியாவில் தண்ணீர் சரியில்லையா என்று ஒரு குரல் கேட்கப்போகிறது, அவள் எழுந்து வரப்போகிறாள், மாதம் பிறந்ததும் அம்மாவோடு கார்மெண்ட்ஸ் வேனில் ஏறப்போகிறாள். என் ஒரு வருடத்துச் சோம்பேறித்தனத்தை அவள் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே இன்னும் யாரும் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பருப்புப் பிதுக்கிக்கொண்டிருப்பதுபோல எனக்கு 'டப் டப்' என்று கேட்டது. என் நெஞ்சுதான்.

அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. நேராக டீக்கடைக்கு நடந்தாள்.

"காமாலை சொல்லிட்டியா?" என்றேன்.

"வாயைத் திறந்தேன்டா. வரல. அந்த ஆன்ட்டி தண்ணிக்குள்ள கையை விட்டுத் துழாவினாங்க பாரு, அது வந்து நின்னுடுச்சு. டிசம்பர்ல ஊரை விட்டுப் போயிட்டோம் சார், திரும்பி வர நாளாச்சுன்னேன். அவ்ளோதான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. ஃபேன் சத்தம்தான். எனக்கு எழுந்து ஓடிடலாம்னு ஆயிடுச்சு. அப்புறம் அவரே ஆரம்பிச்சாரு. அப்ப அவரு கிளினிக் வெச்சிருந்தாராம். கம்பவுண்டர் தமிழ் ஆளாம். அன்னைக்குச் சாயங்காலம் பத்திரமாப் போன்னு அனுப்பினாராம், அந்த ஆளு அப்புறம் வரவே இல்லையாம். எங்க போனாரு, என்ன ஆனாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதாம். டிபன் பாக்ஸ் மட்டும் இன்னும் இவர்கிட்ட இருக்குதாம்." டீயைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணுமே கேக்கலடா, தெரியுமா?"

அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டையும் சொல்ல ஆன்ட்டியிடம் போனேன். அவரேகாளு பருவம் முடியும் நேரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிபன் பாக்ஸா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எதிர் வீடுன்னு சொன்னேனே, அதை உங்கம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி."

காத்திருந்தார். எனக்கு நாக்கு நமநமவென்றது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், மாமாவிடம் மட்டும் சொன்னேன் என்று ஏதாவது உருட்டிவிடலாம் போலிருந்தது. எப்படியோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"கையைக் கழுவிட்டு வா. நீயும் பிதுக்கு."

பிறகு பல வருடம் அந்த மாடிக்குப் போய்வந்தேன். வேறு வேலை தேடி, வேறு காமாலைகள் சொல்லி, ஒரு வழியாக எதுவும் கேட்காத ஓர் இடத்தில் ஒதுங்கினேன். அம்மாவிடம் அந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலில் நிற்கும்போதெல்லாம் எதிர் மாடியிலிருந்து ஒரு கை நீளுவதுபோல இருக்கும். அதே கைதான் டிசம்பர் வந்தால் ஒரு கிண்ணம் பிதுக்குப் பருப்பை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும், யாரும் கேட்காமலே.

2000-க்குப் பிறகு சில வருடம் கழித்து ஆன்ட்டி போய்விட்டார். துக்கத்துக்கு அமுதாவும் வந்திருந்தாள். அதே கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்கே தலைவியாகியிருந்தாள். ஆன்ட்டியின் கணவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. படியிறங்கும்போது மனம் இளகி, நான் கொஞ்சம் எழுத்தாளத்தனமாகப் பேசிவிட்டேன். அன்று அந்த அறையில் இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டு மௌனமாக இருந்தாயே, அதனால்தான் ஜெயித்தாய். நான் ஒரு வருட இடைவெளியை மறைக்கப் போய்த் தோற்றேன் என்றேன்.

அமுதா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"உன் கேப்பை யாருடா கண்டுக்கிட்டா? அந்த டாக்டர் ரிடையர் ஆகறப்பகூட, 'ஏ, பி ரெண்டும் வந்த பையன் உயிரோட இருக்கானா?'ன்னு கேட்டாரு. நீ சொன்னதை அப்படியே நம்பிட்டாங்க. நைட் ஷிஃப்ட்டுக்கு உடம்பு தாங்காதுன்னு விட்டுட்டாங்க. வருஷம் பூரா சோபாவுல டிவி பாத்துட்டு இருந்தேன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்கடா. உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காத ஆளுதான் எங்களுக்கு வேண்டியிருந்துச்சு."